ஏழாவது சுற்று

செப்டம்பர் 4, வியாழன்

இன்று நல்ல நாள். எழுதி வைக்க வேண்டும்.

என்ன வேலை பார்க்கிறாய் என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் கேட்டால், மேலே சுற்றுகிற ஒரு தொலைநோக்கிக்கு நாளைய வேலைப் பட்டியல் எழுதிக் கொடுக்கிறேன் என்பேன். உண்மையும் அதுதான். ‘கிரணம்’ அறுநூறு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. பூமியை ஒருமுறை சுற்றத் தொண்ணூற்றேழு நிமிடம். ஒரு நாளைக்குப் பதினான்கு சுற்றுச் சொச்சம். எந்தச் சுற்றில் எந்த நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும், எப்போது திரும்ப வேண்டும், எதை எப்போது அணைக்க வேண்டும் என்று வரி வரியாக நான் எழுதுவேன். அதை ஆன்டெனா வழியாக மேலே அனுப்புவது கன்ட்ரோல் ரூமில் இருக்கும் தணிகாசலம். விமானப்படையில் ரேடியோ வேலை பார்த்தவர். என்னைவிட எட்டு வயது மூத்தவர், என்றாலும் ‘மேடம்’ என்றுதான் கூப்பிடுவார்.

காலை ஒன்பதரைக்கு டைரக்டர் பத்ரிநாத் சார் அழைத்தார். தெற்கு வானத்தில் ஒரு இரட்டை நட்சத்திரம் திடீரென்று எக்ஸ்-ரேயில் நூறு மடங்கு பிரகாசமாகியிருக்கிறது. “பிரிசில்லா, நாளைக்குள்ள அதப் பாக்க முடியுமா? மத்தவங்க டெலஸ்கோப் அந்தப் பக்கம் திரும்பறதுக்கு முன்னாடி நாம பாத்துடணும்.”

இரண்டு நாள் வேலை. நான்கு மணி நேரத்தில் முடித்தேன். ஐந்து, ஆறு, ஏழாவது சுற்றுகளில் இருந்த பழைய வேலைகளை எடுத்துவிட்டு இந்த நட்சத்திரத்தை வைத்தேன். சூரியனிடமிருந்து போதுமான தூரத்தில் பார்க்கிறதா, பேட்டரி தாங்குமா, எல்லாம் கணக்குப் போட்டேன்.

மதியம் 1.52-க்குக் கிரணம் எங்கள் தலைக்கு மேல் வந்தது. தொடர்பு ஒன்பது நிமிடம்தான். கடைசி மூன்று நிமிடத்தில் தணிகாசலம் இன்டர்காமில் ஏதோ கேட்டார். பதில் சொன்னேன். அனுப்பினார். கிரணம் ஏற்றுக்கொண்டது.

நான்கு மணிக்குத்தான் தயிர்சாதம் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

காலை முதல் தொடர்பிலேயே தகவல் இறங்கியது. நட்சத்திரம் கிடைத்துவிட்டது. திரையில் அந்த ஒளிக்கோடு மலைபோல் ஏறி நின்றது. கன்ட்ரோல் ரூமில் கை தட்டினார்கள். பத்ரிநாத் சார் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

கைதட்டல் அடங்கிய பிறகு தணிகாசலம், தலையைத் திருப்பாமல் சொன்னார். “மேடம், ரெண்டாவது பெட்டி பேசல.”

கிரணத்தின் கண் என்பது மூன்று பெட்டிகள். உள்ளே வாயு, அதன் நடுவே தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள், கம்பிகளில் இரண்டாயிரம் வோல்ட். எக்ஸ்-ரே உள்ளே வந்தால் எண்ணும். தென் அட்லாண்டிக் கடலுக்கு மேலே ஒரு இடத்தில் மட்டும் மின் துகள்கள் மழை மாதிரி அடிக்கும். அங்கே போகும் முன் அந்த வோல்ட்டை இறக்கிவிட வேண்டும். வெளியே வந்ததும் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு நாளும் செய்கிற காரியம்.

ஏழாவது சுற்றில் அது இறங்கவில்லை. பதினோரு நிமிடம் முழு வோல்ட்டோடு அந்த மழைக்குள் போயிருக்கிறது. ஒன்றும் மூன்றும் தப்பிவிட்டன. இரண்டாவது போய்விட்டது போலிருக்கிறது.

தானாக அணைக்கிற காவல் கருவி ஒன்று உண்டு. காரணமில்லாமல் அடிக்கடி அணைக்கிறது என்று மார்ச்சில் அதை நிறுத்தி வைத்தார்கள். பத்ரிநாத் சார் கையெழுத்து.

எப்படி நடந்தது என்று தெரியவில்லை.

செப்டம்பர் 6, சனி

விடுமுறை நாளில் போய் என் கோப்பைத் திறந்து பார்த்தேன். ஏழாவது சுற்றில் இருந்த பழைய வேலையின் வாலில்தான் அணைக்கும் வரி, நாங்கள் ‘ஆஃப் லைன்’ என்பது, ஒட்டியிருந்தது. பழையதை மொத்தமாக அழித்தபோது அதுவும் சேர்ந்து போயிருக்கிறது. மென்பொருள் ஒரு எச்சரிக்கைகூடக் கொடுக்கவில்லை.

வரும் வழியில் சங்கரா மீன் வாங்கினேன். என் கணவர் ஜெபசிங் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டார்.

செப்டம்பர் 8, திங்கள்

இரண்டாவது பெட்டியை எழுப்பும் முயற்சி தொடங்கிவிட்டது. ஒரு தொடர்பில் நூறு வோல்ட் மட்டும் ஏற்றுவது, அடுத்த சுற்று வரை காத்திருப்பது, பிறகு இன்னொரு நூறு. தணிகாசலம் எண்களை உரக்க வாசிக்கிறார், நான் குறிக்கிறேன். நானூறு வரை அமைதியாக இருந்தது.

வேலைக்கு நடுவே அவர் ஒருமுறை ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். “தண்ணி குடிக்கறீங்களா மேடம்?” என்றார்.

செப்டம்பர் 10, புதன்

அறுநூறு.

செப்டம்பர் 12, வெள்ளி

எண்ணூற்றைம்பதில் மின்னோட்டம் எகிறி, வோல்ட் தானே விழுந்தது. ஐந்நூறிலிருந்து மறுபடி.

நட்சத்திரத்தைப் பற்றிய அறிவிப்பு வெளியாகிவிட்டது. அதில் என் பெயரும் இருக்கிறது: துரிதமாகத் திட்டமிட்டதற்கு நன்றி. ஜெபசிங் அதைக் குடும்ப வாட்ஸப்பில் போட்டுவிட்டார். எங்கள் ஊர் நாசரேத்திலிருந்து சித்தி, மாமா, எல்லாரிடமிருந்தும் வாழ்த்து. ஒவ்வொருவருக்கும் கைகூப்பிய பொம்மை அனுப்பினேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

விசாரணைக் குழு வந்தது. மூன்று பேர். தலைவர் சேஷகிரி, ஓய்வு பெற்றவர், மெதுவாகப் பேசுகிறவர். என்னை முக்கால் மணி நேரம் வைத்திருந்தார்கள்.

வரி எப்படி அழிந்தது என்று காட்டினேன். மென்பொருள் எச்சரிக்காதது பெரிய குறை என்று அவர்களே சொன்னார்கள். அவசர மாற்றம் என்றால் கடைசிச் சரிபார்ப்பு கன்ட்ரோல் ரூமுடையது. அது எழுதப்பட்ட விதி. அன்றைய தாளில் ‘அணைக்கும் வரிகள் சரி’ என்ற கட்டத்தில் தணிகாசலம் டிக் போட்டிருக்கிறார்.

சேஷகிரி அந்தத் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். “அவர் எங்ககிட்ட அதிகம் பேசல. ‘சந்தேகம் கேட்டேனா இல்லையான்னு மேடத்தக் கேளுங்க, அவங்க சொல்வாங்க’ன்னு மட்டும் சொன்னார். கேட்டாராம்மா?”

“இன்டர்காம்ல பேசினார் சார். அன்னைக்கு நிறைய பேச்சு. என்ன கேட்டார்னு சரியா நினைவில்ல.”

“அணைக்கிற வரியப் பத்தியா?”

“நினைவில்ல சார்.”

எழுதிக்கொண்டார். இன்டர்காம் பேச்சு பதிவாவதில்லையா என்று கேட்டார். ஆன்டெனா நிலையத்தோடு பேசுவது மட்டுமே பதிவாகும், அறைக்கு அறை பேசுவது பதிவாகாது என்று சொன்னேன். அது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது.

நான் பொய் எதுவும் சொல்லவில்லை. நினைவில்லை என்றுதான் சொன்னேன்.

செப்டம்பர் 17, புதன்

கிரணத்தைத் திருப்புகிற திசைச் சக்கரங்களில் ஒன்றின் வேகம் கூடியிருந்தது, குறைத்தோம். பேட்டரி நன்றாக இருக்கிறது. பெட்டி எழுநூறு.

செப்டம்பர் 21, ஞாயிறு

கோயிலில் பாவ அறிக்கை சொல்லும்போது வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பக்கத்தில் நின்ற ஜெபசிங் தொண்டை கட்டியிருக்கிறதா என்று கேட்டார்.

இங்காவது எழுதிவிடுகிறேன். நினைவிருக்கிறது.

அன்று இன்டர்காமில் தணிகாசலம் கேட்டது: “மேடம், ஏழாவது சுத்துல ஆஃப் லைன் வரலையே, பாத்தீங்களா?”

நான் சொன்னது: “நான் புதுசா எழுதின பிளாக்ல இருக்கு சார், பாத்தாச்சு. அனுப்புங்க.”

நான் பார்க்கவில்லை. தொடர்பு முடிய இரண்டு நிமிடம் நாற்பது விநாடி இருந்தது. பார்க்க அரை நிமிடம் போதும். நான் சொன்ன பிறகுதான் அவர் டிக் போட்டார். என் வார்த்தையை நம்பிப் போட்ட டிக்.

செப்டம்பர் 25, வியாழன்

அறிக்கை வந்துவிட்டது. மென்பொருள் குறை, மற்றும் இயக்குபவரின் கவனக்குறைவு. காவல் கருவியைப் பற்றி ஒரே ஒரு வரி, அதுவும் பின்னிணைப்பில்.

தணிகாசலத்தின் வேலை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தம். இந்த மாதம் முப்பதாம் தேதி முடிகிறது. நீட்டிக்கப் போவதில்லை. இதைக் கேண்டீனில்தான் கேள்விப்பட்டேன். அவர் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்து சப்பாத்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 30, செவ்வாய்

கடைசித் தொடர்பு மதியம் 2.10. வழக்கம்போல எண்களை வாசித்தார். பேட்டரி, வெப்பநிலை, சக்கரங்கள், நட்சத்திரக் கேமரா. கிரணம் அடிவானத்தில் இறங்கும்போது எப்போதும் சொல்கிற மாதிரி “சிக்னல் போச்சு, எல்லாம் நார்மல்” என்று சொல்லி ஹெட்போனைக் கழற்றித் துடைத்து வைத்தார்.

நான் என் அறைக்குப் போகிற நடையில் கதவருகே நின்றார்.

“மேடம், ஒண்ணு கேக்கலாமா? தப்பா நெனைக்காதீங்க.”

“சொல்லுங்க சார்.”

“அன்னிக்கி நான் உங்ககிட்ட ஏதாவது கேட்டேனா? கேட்ட மாதிரிதான் இருக்கு. குழுவுல நீங்க அப்படி ஒண்ணும் ஞாபகம் இல்லேன்னீங்களாம். நீங்க எதையும் மறக்கற ஆளில்ல. அதான், எனக்குத்தான் குழம்பிடுச்சான்னு.”

அவர் என்னைக் குற்றம் சாட்டவில்லை. அவர் நிஜமாகவே கேட்டார். முகத்தில் அது தெரிந்தது.

“எனக்குச் சரியா ஞாபகம் இல்ல சார்.”

“சரிங்க மேடம்.” தலையை ஆட்டினார். “பெட்டிய விட்டுடாதீங்க. ஆயிரத்துக்கு மேல மெதுவா ஏத்தச் சொல்லுங்க.”

அக்டோபர் 1, புதன்

புதிய ஆபரேட்டர் லோகநாயகி சேர்ந்துவிட்டார். எண்களை வேகமாக வாசிக்கிறார்.

அக்டோபர் 7, செவ்வாய்

ஆயிரத்து நூறில் மூன்றாவது முறையாக விழுந்தது. இரண்டாவது பெட்டியை இனி எழுப்ப வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். அதன் மின்சாரத்தை நிரந்தரமாக அணைக்கும் ஆணையை எழுதியது நான்தான். ஒரே வரி. மூன்று முறை சரிபார்த்தேன்.

பிறகு ஆய்வாளர்களுக்குக் கடிதங்கள். மூன்று பெட்டியும் இருந்தால்தான் தெரியும் அளவுக்கு மங்கலான பொருள்களைக் கேட்டிருந்த பதினேழு பேரின் நேரம் ரத்து. ஒரு மாணவி உடனே பதில் எழுதினாள்: நான்கு வருடமாக இந்த ஒரு கேலக்ஸிக்காகத்தான் காத்திருந்தேன், வேறு ஏதாவது வழி இருக்கிறதா? இல்லை என்று எழுதினேன். ‘எதிர்பாராத கோளாறு காரணமாக’ என்று எழுதினேன்.

அக்டோபர் 11, சனி

ஜெபசிங் கேட்டேவிட்டார். “என்ன பிரிசி, ஒரு மாசமா சோத்தப் பெசஞ்சு பெசஞ்சு வச்சுட்டு எந்திரிக்க? உடம்புக்கு என்னமும் செய்யுதா?”

சொன்னேன். இன்டர்காம், குழு, கதவருகே தணிகாசலம் நின்றது எல்லாவற்றையும். ஜெபசிங் தொழிற்சாலையில் கடைசல் இயந்திரம் ஓட்டுகிறவர். பாதி கேட்டதும் டிவியை அணைத்துவிட்டார்.

தட்டுகளை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவி வைத்தார். எனக்கு ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

“அந்த மனுசன் வேலயில்லாம வீட்டுல இருக்காரு. நீ எங்கிட்ட சொல்லி என்ன ஆவப் போவுது?” என்றார். பிறகு, “வேல போனா போவட்டும். பாத்துக்கிடலாம்.”

அக்டோபர் 13, திங்கள்

பத்ரிநாத் சாரிடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“ரிப்போர்ட் மேல போயாச்சு பிரிசில்லா. இப்ப நீ மாத்திச் சொன்னா முதல்லேர்ந்து தொடங்குவாங்க. காவல் கருவிய யாரு நிறுத்தச் சொன்னதுங்கறதுல வந்து நிக்கும்.”

“அது உண்மைதானே சார்.”

“உண்மைதான். ரெண்டு பெட்டியோட இன்னும் மூணு வருஷம் கிரணத்த ஓட்டணும். அதுக்கு முழுசாத் தெரிஞ்ச ஆளு நீ ஒருத்திதான். தணிகாசலத்துக்கு வேற எங்கயாவது நான் சொல்லி விடறேன். ஒரு மாசம் போகட்டும். நீ போய் வேலையப் பாரு.”

நடையில் வரும்போது உடம்பு லேசாக இருந்தது. சொல்லிவிட்டேன், இனி முடிவு அவருடையது என்று தோன்றியது. ஒரு மணி நேரம் நிம்மதியாகத் திட்டம் எழுதினேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

கன்ட்ரோல் ரூம் பதிவேட்டில் பக்க எண் அச்சிட்டிருக்கும். கிழிக்க முடியாது, அடித்தால் கையெழுத்துப் போட வேண்டும். எந்த விசாரணை வந்தாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

காலை 10.05 தொடர்பு முடிந்ததும் லோகநாயகியிடமிருந்து அதை வாங்கினேன். செப்டம்பர் 4 அன்று தணிகாசலம் கேட்டதையும் நான் சொன்னதையும் அந்தந்த வார்த்தையிலேயே எழுதினேன். குழுவிடம் நினைவில்லை என்று சொன்னது உண்மையல்ல என்றும் எழுதினேன். தேதி, நேரம், முழுப் பெயர்.

லோகநாயகி படித்துவிட்டு நிமிர்ந்தார். “மேடம், இது பதிவேட்டுலயே இருக்கட்டுமா?”

“இருக்கட்டும். நீங்க சாட்சிக் கையெழுத்து போடுங்க.”

“எனக்குப் பிரச்சினை வராதே?”

“பாத்ததுக்குச் சாட்சி. அவ்வளவுதான்.”

யோசித்தார். போட்டார். பக்கத்தைப் படமெடுத்து சேஷகிரிக்கு அனுப்பினேன். பதினைந்து நிமிடத்தில் பத்ரிநாத் சார் வந்தார். பதிவேட்டைப் படித்தார். என்னைப் பார்க்காமலே போய்விட்டார்.

அக்டோபர் 17, வெள்ளி

திட்டப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். மறு விசாரணை முடியும்வரை தகவல் காப்பகம். ஜன்னல் இல்லாத அறை.

அக்டோபர் 26, ஞாயிறு

திருத்தணிக்கு, தணிகாசலத்தின் வீட்டுக்குப் போனேன். மையம் அவருக்கு இன்னும் எதுவும் எழுதவில்லை. எழுதுவதற்கு முன் நானே போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். இதை முதலில் செய்திருக்க வேண்டும்.

ரயில்வே கேட்டைத் தாண்டி மாடியில்லாத வீடு. அவர் மனைவி அமுதவல்லி கதவைத் திறந்தார். யாரென்று சொன்னதும் முகம் மாறவில்லை. “வாங்க, உள்ள இருக்காரு.”

தணிகாசலம் மெலிந்திருந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பெட்டி எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்டார். போய்விட்டது என்றேன். தலையைக் குனிந்துகொண்டார்.

“சார், அன்னைக்கு நீங்க கேட்டீங்க. ஏழாவது சுத்துல ஆஃப் லைன் வரலையே, பாத்தீங்களான்னு கேட்டீங்க. நான் பாக்காமலே பாத்தாச்சுன்னு சொன்னேன்.”

நிமிர்ந்து பார்த்தார். “இன்னொரு வாட்டி சொல்லுங்க.”

சொன்னேன்.

“அமுதா, இங்க வா. மேடம் சொல்றதக் கேளு.”

மூன்றாவது முறையும் சொன்னேன், அவர் மனைவிக்காக. அமுதவல்லி சுவரில் சாய்ந்து நின்று கேட்டார். பிறகு என்னிடம் பேசினார், கோபமாக அல்ல, யாரோ ஒருவருக்கு விவரம் சொல்வது போல.

“வந்ததுலேர்ந்து அடுப்பு கேஸ மூடினோமான்னு நாலு தடவ எழுந்து பாக்கறாரு. கதவப் பூட்டிட்டு தெருக்கோடி வரைக்கும் போயி திரும்பி வராரு. வண்டியத் தொடறதில்ல, கவனம் தப்பி யாரையாவது இடிச்சிடுவேன்றாரு. இவரோட அப்பா கடைசியில பெத்த புள்ளையே அடையாளம் தெரியாமத்தான் போனாரு. நமக்கும் அது வந்துடுச்சுன்னு சொல்லிகினு இருந்தாரு. நாந்தான் வேலூருக்கு இட்டுகினு போயி தலைய ஸ்கேன் பண்ண வெச்சேன். ஒண்ணும் இல்லேன்னாங்க. அப்பவும் நம்பல.”

எனக்கு இது தெரியாது. அவர் வேலை போனதை மட்டும்தான் நான் இவ்வளவு நாளும் சுமந்துகொண்டிருந்தேன்.

“மன்னிச்சிடுங்க சார்” என்றேன்.

“அது இருக்கட்டும் மேடம்.” குரல் தெளிவாக இருந்தது, எண்களை வாசிக்கிற குரல். “கடைசி நாளு கதவாண்ட நின்னு உங்களக் கேட்டேனே. அப்பவும் உங்களுக்கு ஞாபகம் இருந்துச்சா?”

“இருந்தது.”

எழுந்து நின்றார். “சரி. நீங்க கெளம்புங்க.”

ஸ்டேஷனுக்கு நடந்தேன். பாதி வழியில் பின்னாலிருந்து ஒரு ஸ்கூட்டர் வந்தது. தணிகாசலம் ஓட்டினார். பின்னால் அமுதவல்லி. மெதுவாக, ஓரமாக, என்னைக் கடந்து கடைத்தெருப் பக்கம் திரும்பினார்கள். இருவரும் என்னைப் பார்க்கவில்லை.

நவம்பர் 24, திங்கள்

மறு விசாரணை அறிக்கை வந்தது. காவல் கருவி மீண்டும் இயக்கத்தில். பத்ரிநாத் சார் வேறு திட்டத்துக்கு மாற்றம். எனக்கு இனி ஆணை எழுதும் உரிமை இல்லை, காப்பகத்திலேயே தொடரலாம். இன்டர்காமும் இன்றிலிருந்து பதிவாகிறது.

தணிகாசலம் இன்று வேலைக்குத் திரும்பினார். மதியத் தொடர்பில் அவர் குரலை ஒலிபெருக்கியில் கேட்டேன். புதிய திட்டப் பொறியாளரிடம் ஒரு வரியைப் பற்றிக் கேட்டார். பார்த்தாச்சு சார், அனுப்புங்க என்று பதில் வந்தது.

“எந்தப் பக்கம், எத்தனாவது வரின்னு படிச்சு சொல்லுங்க.”

பொறியாளர் தேடினார். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். வரி இருந்தது. அவர் படிக்கத் தொடங்கும்போது கிரணம் அடிவானத்துக்குக் கீழே போய்விட்டது. ஆணை ஏறவில்லை. அடுத்த தொடர்புக்குள் இரண்டு சுற்று வேலை வீணாகும்.

“சிக்னல் போச்சு” என்றார் தணிகாசலம். யாரும் அவரை எதுவும் சொல்லவில்லை.

நான் கதவைச் சாத்திவிட்டு, நேற்று இரண்டு பெட்டிகளிலிருந்தும் வந்த எண்ணிக்கைகளைக் காப்பகத்தில் ஏற்றினேன்.